மேட்ச் நாள் கூட்டமும் மறுநாள் கணக்கும்

போன மாதக் கூட்டத்தில் நம் சங்கத்து இளைய வியாபாரிகள் சிலர் ஒரு யோசனை சொன்னார்கள். கிரிக்கெட் மேட்ச் நடக்கிற நாட்களில் சிறிய ஓட்டல்காரர்களும் டீக்கடைக்காரர்களும் பெரிய டி.வி. வைத்து, வண்ண விளக்குப் போட்டு, இலவசம் அறிவித்து ரசிகர் கூட்டத்தைக் கடைக்கு இழுக்க வேண்டும். மொத்த வியாபாரிகளான நாங்கள் அதற்குக் கடனில் சரக்குக் கொடுத்துத் துணை நிற்க வேண்டும். இதுதான் யோசனை. கைதட்டல் பலமாக இருந்தது. நான் மட்டும் கை தட்டவில்லை. ஏன் என்று இரண்டு பேர் பிறகு கேட்டார்கள். மேடையில் நின்று பேசி எனக்குப் பழக்கம் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தகப்பனாரின் மளிகை மண்டியில் உட்கார்ந்தவன் நான். ஆகவே பதிலை இங்கே எழுத்தில் வைக்கிறேன்.

மேட்ச் நாள் வியாபாரமே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. தாராளமாகச் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் கூட்டத்தைப் பார்த்து வியாபாரம் செய்யக் கூடாது, கணக்கைப் பார்த்துச் செய்ய வேண்டும் என்பதுதான் என் கருத்து. இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு நல்ல வாடிக்கையாளரை இழந்து தெரிந்துகொண்டேன்.

சேப்பாக்கம் மைதானத்தை எல்லோரும் அறிவீர்கள். 1934-இல் அங்கே முதல் டெஸ்ட் நடந்தது. டெஸ்ட் ஆட்டத்தில் இந்தியா முதல் வெற்றியைப் பெற்றதும் 1952-இல் அதே மைதானத்தில்தான். நான் விவரம் தெரிந்து பார்த்தது 'பொங்கல் டெஸ்ட்' காலம். 1975 ஜனவரியில் விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97 ரன் எடுத்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். 1988 ஜனவரியில் ஹிர்வானி முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட் எடுத்தபோது மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் பக்கத்து ஓட்டல்களுக்கு எங்கள் கடையிலிருந்து டிரைசைக்கிளில் அரிசி, பருப்பு, எண்ணெய் போகும். மேட்ச் வாரத்தில் இரட்டிப்பாகப் போகும்.

அந்தக் காலத்து மேட்ச் வியாபாரம் வேறு மாதிரி. காலையில் ஆட்டம் தொடங்கும், மாலையில் முடியும். ஐந்து நாள் நடக்கும். பார்க்க வருகிறவர் புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொண்டு வருவார். கட்டிக்கொண்டு வராதவர் உணவு இடைவேளையில் ஓட்டலுக்கு ஓடுவார். முதல் நாள் எவ்வளவு போயிற்று என்று பார்த்து இரண்டாம் நாளுக்குச் சரக்கு எடுக்கலாம். தவறைத் திருத்திக்கொள்ள நான்கு நாள் பாக்கி இருக்கும்.

2008-இல் ஐ.பி.எல். வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது. மாலை ஏழரைக்குத் தொடங்கி இரவு பதினொன்றரைக்குள் முடிந்துவிடுகிறது. ஒரே இரவு, ஒரே அலை. அது வந்து போன பிறகு மீந்த சரக்கோடு நாம் நிற்கிறோம். தவறைத் திருத்த மறுநாள் கிடையாது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

சேப்பாக்கம் மைதானத்துக்குப் பின்புறத் தெரு ஒன்றில் ஒருவர் மெஸ் நடத்திவந்தார். அவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. "அண்ணாச்சி" என்றுதான் என்னைக் கூப்பிடுவார். பதினெட்டு வருஷம் என்னிடம் சரக்கு எடுத்தார். வாரக் கடன், சனிக்கிழமை பணம். ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை. மேன்ஷன்களில் தங்கி வேலைக்குப் போகும் பிள்ளைகள், அக்கம்பக்கத்து அச்சக ஊழியர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்துபோகிறவர்கள், இவர்கள்தான் அவருடைய ஆட்கள். இரவு இட்லி, தோசை, சப்பாத்தி. பெரிய இலாபம் இல்லை, நட்டமும் இல்லை.

2018-இல் சென்னை அணி இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தது. ஊரே கொண்டாடியது நினைவிருக்கும். உள்ளூரில் ஏழு ஆட்டம் என்று அட்டவணை வந்தது. நண்பர் என் கடைக்கு வந்து, "இந்தத் தடவை கொஞ்சம் பெரிசா பண்ணலாம்னு பாக்கிறேன் அண்ணாச்சி. பரோட்டா, பிரைட் ரைஸ் போடணும். டி.வி. ஒண்ணு வாடகைக்குப் பாத்திருக்கேன்" என்றார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? "முதலில் ஒரு ஆட்டம் பாருங்கள், பிறகு யோசிக்கலாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ, "தாராளமா எடுத்துக்குங்க தம்பி, ஏழு மேட்ச் முடிஞ்சு மொத்தமா பணம் குடுங்க" என்றேன். மைதா மூட்டை, எண்ணெய் டின், டால்டா, பாஸ்மதி என்று அவர் கேட்டதைவிட அதிகமாகவே ஏற்றிவிட்டேன். எனக்கும் சரக்குப் போக வேண்டும் அல்லவா? அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் 10-ஆம் தேதி முதல் ஆட்டம் நடந்தது. காவிரிப் பிரச்சினையில் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். அந்த ஒரு ஆட்டத்தோடு சரி. மீதி ஆட்டங்களைப் புனேக்கு மாற்றிவிட்டார்கள்.

போராட்டத்தைக் குறை சொல்லவில்லை. காவிரித் தண்ணீர் இல்லாமல் நெல் இல்லை, நெல் இல்லாமல் நமக்கு வியாபாரம் இல்லை. நான் சொல்ல வருவது நண்பரின் நிலைமையை. வாடகை டி.வி.க்கு முன்பணம், இரண்டு பரோட்டா மாஸ்டர்களுக்கு அட்வான்ஸ், புதிய கல், என்னிடம் நாற்பதாயிரத்துக்கு மேல் பாக்கி. பத்து நாள் கழித்து வந்தார். "பிரிக்காத டின்னும் மூட்டையும் அப்படியே இருக்கு அண்ணாச்சி, திருப்பி எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டார். விற்ற சரக்கு திரும்பாது என்று எங்கள் கடையில் போர்டே மாட்டியிருக்கிறது. நான் அந்தப் போர்டைக் காட்டினேன்.

அவர் ஒன்றும் பேசாமல் போனார். பாக்கியைச் சிறுகச் சிறுக, ஒரு பைசா குறையாமல் கட்டி முடித்தார். ஆனால் ஆவணிக்குள் மெஸ்ஸை மூடிவிட்டார். இப்போது வேறொருவர் ஓட்டலில் சரக்கு மாஸ்டராக இருக்கிறார். வழியில் பார்த்தால் வணக்கம் சொல்கிறார். "அண்ணாச்சி" என்று கூப்பிடுவதில்லை, "சார்" என்கிறார்.

மூன்று டின் எண்ணெயும் நான்கு மூட்டை மைதாவும் திரும்ப எடுத்திருந்தால் எனக்கு என்ன குறைந்திருக்கும்? ஒரு வாரத்தில் வேறு கடைக்குப் போயிருக்கும். பதினெட்டு வருஷத்து வாடிக்கையை அதற்காக விட்டேன். இதுதான் நான் அன்று கை தட்டாததற்குக் காரணம்.

இது ஏதோ ஒரு தடவை நடந்த விபத்து என்று நினைக்க வேண்டாம். 2020-இல் ஐ.பி.எல். முழுவதும் அரபு நாட்டில் நடந்தது. 2021-இலும் 2022-இலும் சென்னை அணி சொந்த ஊரில் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. 2023-இல்தான் திரும்பியது. 2025 மே மாதத்தில் போட்டிகள் நடுவே ஒரு வாரம் நின்று, மறுபடி தொடங்கியபோது சேப்பாக்கத்தில் பாக்கியிருந்த ஆட்டம் தில்லிக்குப் போய்விட்டது. ஆக, அட்டவணை என்பது உறுதிமொழி அல்ல. மழை, நோய், போராட்டம், எல்லைப் பதற்றம் என்று எது வந்தாலும் ஆட்டம் இடம் மாறும். நாம் வாங்கிய சரக்கும் கொடுத்த முன்பணமும் இடம் மாறாது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். இது உதாரணத்துக்காக நான் போட்ட கணக்கு. அவரவர் கடைக்குத் தகுந்தபடி மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சிறிய ஓட்டலில் சாதாரண இரவு விற்பனை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மேட்ச் இரவில் அது 10,500 ஆகிறது. கூடுதல் விற்பனை 4,500. இதில் கூடுதல் சரக்குக்கு 2,300 போகும். உதவிக்கு இரண்டு ஆள் வைத்தால் தலைக்கு 700 வீதம் 1,400. இலை, பாக்குமட்டைத் தட்டு, தண்ணீர், ஐஸ் எல்லாம் சேர்த்து 300. மிச்சம் 500 ரூபாய். இதில் டி.வி. வாடகையோ விளக்குச் செலவோ இன்னும் சேரவில்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். அதே இரவு, தினமும் வந்து 80 ரூபாய்க்குச் சாப்பிடும் பதினைந்து மேன்ஷன் பிள்ளைகள் உட்கார இடம் இல்லாமல் திரும்பிப் போகிறார்கள். பக்கத்துத் தெரு மெஸ்ஸில் சாப்பிட்டுப் பார்க்கிறார்கள், பிடித்துப் போகிறது. பிறகு நம் கடைக்கு வரவில்லை. ஒரு நாளைக்கு 1,200 ரூபாய் விற்பனை நிரந்தரமாகப் போயிற்று. ஏழு மேட்ச் இரவில் சம்பாதித்த 3,500 ரூபாய் எத்தனை நாளைக்கு இதை ஈடுகட்டும்? மேட்ச் பார்க்க வருகிறவர் விருந்தாளி. அவரை உபசரிக்க வேண்டியதுதான். அதற்காக வீட்டு மனிதரைத் திண்ணையில் உட்கார வைக்கலாமா?

அப்படியானால் ரசிகர்களை வரவழைக்க வழியே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. பெரும்பாலும் காசு செலவில்லாத வழிகள். நான் சரக்குப் போடும் கடைகளில் பார்த்ததையும், கேட்டுத் தெரிந்ததையும் சொல்கிறேன்.

முதலாவது, கடிகாரம். மைதானத்துக்குள் வெளி உணவும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுபோக விடுவதில்லை. ஆகவே ரசிகர் உள்ளே போகுமுன் ஒரு தடவை, வெளியே வந்தபின் ஒரு தடவை, இரண்டு தடவைதான் நம் கையில் கிடைப்பார். ஏழரை மணி ஆட்டத்துக்கு நாலரை முதல் ஆறேமுக்கால் வரை ஒரு கூட்டம். அவர்களுக்கு அவசரம். உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். இட்லி, பொங்கல், கலந்த சாதம், டீ என்று கேட்டவுடன் கொடுக்கக்கூடியது வேண்டும். பதினொன்று முதல் பன்னிரண்டரை வரை இரண்டாவது கூட்டம். இவர்களுக்குப் பசி அதிகம், அவசரமும் உண்டு, கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும். நடுவில் நாலு மணி நேரம் மைதானத்துக்காரர் யாரும் வரமாட்டார். அந்த நேரம் நம் பழைய வாடிக்கையாளருக்கு உரியது. ஆறேமுக்காலுக்கு மேல் மேஜைகளைத் துடைத்துவிட்டு, "வாங்க தம்பி, உங்க இடம் காலியா இருக்கு" என்று அவர்களைக் கூப்பிடுங்கள். மேட்ச் நாளில் ஏழு மணிக்கு மேல் வரச் சொல்லி முதல் நாளே சொல்லிவைத்தால் அவர்களும் அனுசரித்துக்கொள்வார்கள்.

சனி, ஞாயிறுகளில் சில சமயம் மூன்றரை மணிக்கே ஆட்டம். ஏப்ரல், மே வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று டீ போகாது. மோர், நன்னாரி சர்பத், எலுமிச்சை சாதம், தயிர்சாதம்தான் போகும். ஆட்டம் ஏழு, ஏழரைக்கு முடிவதால் இரவுச் சாப்பாட்டுக் கூட்டம் நம் வாடிக்கையாளர் வரும் நேரத்தோடு மோதும். அன்றைக்குத்தான் கவனம் அதிகம் தேவை.

இரண்டாவது, பட்டியலைச் சுருக்குங்கள். மேட்ச் நாளில் புதிய பண்டம் தொடங்குவது போன்ற தவறு வேறில்லை. நமக்குக் கைவந்ததை, வேகமாகக் கொடுக்கக்கூடியதை நாலே நாலு வைத்தால் போதும். திருவல்லிக்கேணியில் ரத்னா கபே 1948-லிருந்து இருக்கிறது. எத்தனையோ பண்டம் அங்கே உண்டு. ஆனால் ஊர் முழுக்கப் பேசுவது சாம்பாரில் மிதக்கும் இட்லியைத்தான். ஒரு பண்டத்தால் பெயர் வரும், முப்பது பண்டத்தால் குழப்பம்தான் வரும். சரக்கையும் யோசித்து எடுங்கள். இட்லி மாவு மீந்தால் மறுநாள் ஊத்தப்பம், பணியாரம். புளிக்காய்ச்சல் கெடாது. தேங்காய்ச் சட்னியும் குருமாவும் வெயில் காலத்தில் இரவுக்குள் கெட்டுவிடும். கார சட்னி தாங்கும். மீந்தாலும் வீணாகாததை வைத்தே மேட்ச் வியாபாரத்தைத் திட்டமிடுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

எண்ணெய் வியாபாரி என்ற முறையில் ஒரு வார்த்தை. கூட்டத்தைக் காட்டிப் பழைய எண்ணெயிலேயே வடை போட்டுக்கொண்டிருக்காதீர்கள். பொரித்த எண்ணெய்க்கு 2018 ஜூலை முதல் உணவுப் பாதுகாப்புத் துறை வரம்பு வைத்திருக்கிறது. வரம்பு கிடக்கட்டும், வாயில் வைத்தவுடன் சாப்பிடுகிறவருக்கே தெரிந்துவிடும். பிளாஸ்டிக் டம்ளர், பிளாஸ்டிக் பை எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை. பார்சலுக்கு வாழை இலையும் பாக்குமட்டையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அச்சடித்த செய்தித்தாளில் வடை கட்டுவதும் கூடாது.

மூன்றாவது, விலை. மேட்ச் நாளில் பன்னிரண்டு ரூபாய் டீயை இருபதுக்கு விற்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். வெளியூரிலிருந்து வருகிறவர்தானே, நாளைக்கா வரப்போகிறார் என்று நினைக்கிறார்கள். அதே தெருவில் குடியிருப்பவரும் அன்று அந்த டீயைத்தான் குடிக்கிறார் என்பதை மறந்துவிடுகிறார்கள். வெளியூர்க்காரரும் லேசுப்பட்டவர் அல்ல. அடுத்த ஆட்டத்துக்கு நாலு நண்பர்களோடு வருவார். நியாய விலைக் கடை எது என்று அவர்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். எல்லோரும் விலை ஏற்றும் நாளில் ஏற்றாத கடை தனியாகத் தெரியும். "மேட்ச் நாளிலும் அதே விலை" என்று ஒரு அட்டையில் எழுதி மாட்டுங்கள். வண்ண விளக்கைவிட அது அதிகம் பேரை இழுக்கும்.

நான்காவது, தண்ணீரும் கழிப்பறையும். இப்போதெல்லாம் பெண்களும் குடும்பங்களும் நிறைய வருகிறார்கள். 2024-இல் இந்திய, தென்னாப்பிரிக்கப் பெண்கள் அணிகளே சேப்பாக்கத்தில் டெஸ்ட் ஆடின. குழந்தையோடு வரும் தாய் எந்தக் கடையில் நுழைவார்? சுத்தமான கழிப்பறை இருக்கும் கடையில்தான். அதற்கு ஒரு பல்பும் ஒரு வாளியும் தாழ்ப்பாளும் சரியாக இருந்தால் போதும். குடிக்கத் தண்ணீர் வைத்து, சாப்பிடாதவர் கேட்டாலும் கொடுங்கள். நாலு மணி நேரம் கத்திவிட்டு வருகிறவர் அதை மறக்கமாட்டார்.

ஐந்தாவது, டி.வி. விஷயம். மைதானத்துக்குப் பக்கத்துக் கடைக்கு டி.வி. தேவையே இல்லை. டிக்கெட் வைத்திருப்பவர் உள்ளே இருக்கிறார். டி.வி. பயன்படுவது தூரத்து ஊர்களில். அங்கேயும் ஒன்றைக் கவனியுங்கள். டி.வி. பார்க்க வருகிறவர் ஒரு டீயோடு மூன்று மணி நேரம் உட்காருவார். நாலு மேஜை உள்ள கடையில் இது நட்டக் கணக்கு. இடம் உள்ளவர்கள் வாசல் பக்கம் பெஞ்சு போட்டு, சுண்டல், பஜ்ஜி, டீ என்று நின்றபடி சாப்பிடும் வியாபாரமாக வைத்துக்கொள்ளலாம். வீட்டு இணைப்பை அப்படியே கடைக்குக் கொண்டுவராதீர்கள், வணிக இடத்துக்குச் சந்தா வேறு. கேபிள்காரரிடம் கேட்டு முறைப்படி வாங்குங்கள். அணியின் சின்னத்தையும் வீரர் படத்தையும் போட்டுப் போர்டு அடிப்பதும் வேண்டாம். அவை பிறர் உடைமை. வக்கீல் நோட்டீஸ் வந்தால் ஒரு சீசன் இலாபம் அதற்கே சரியாகிவிடும்.

ஆறாவது, இலவசம். "ஒவ்வொரு சிக்ஸருக்கும் ஒரு டீ இலவசம்" என்று ஒரு தம்பி யோசனை சொன்னார். நான் மேலே சொன்ன 2018 ஏப்ரல் 10 ஆட்டத்தில் ரஸ்ஸல் என்ற ஒரு ஆட்டக்காரர் மட்டும் 11 சிக்ஸர் அடித்தார். கடையில் இருபது பேர் இருந்தால் அவர் ஒருவருக்கே 220 டீ. நம் இலாபம் மட்டையடிக்கிறவர் கையில் இருக்கக் கூடாது. கொடுக்க ஆசையிருந்தால் அளவோடு கொடுங்கள். டிக்கெட்டைக் காட்டினால் ஒரு வடை, அன்றைக்கு முதல் ஐம்பது பேருக்கு மட்டும் என்று வைத்தால், எவ்வளவு செலவு என்று காலையிலேயே தெரிந்துவிடும்.

ஏழாவது, இரண்டு பேரை உள்ளே விடக் கூடாது. ஒருவர் பந்தயம் கட்டுகிறவர், இன்னொருவர் குடித்துவிட்டு வருகிறவர். மூலை மேஜையில் போனை வைத்துக்கொண்டு பணம் வாங்கிக் கொடுப்பவர் நிறையச் சாப்பிடுவார், தாராளமாக டிப்ஸும் வைப்பார். போலீஸ் வரும் நாளில் அவர் இருக்கமாட்டார், நாம்தான் இருப்போம். அதைவிடப் பெரிய பாவம், நம் கடையில் வேலை செய்யும் பையன் அந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்று அதைக் கற்றுக்கொள்வது. மாதச் சம்பளத்தை ஒரே இரவில் தொலைத்த பையன்களை நான் அறிவேன்.

எட்டாவது, நடைபாதை. 2025 ஜூன் 4-ஆம் தேதி பெங்களூர் சின்னசாமி மைதானத்துக்கு வெளியே வெற்றிக் கொண்டாட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். வீட்டிலிருந்து சந்தோஷமாகப் புறப்பட்ட பிள்ளைகள். அந்தச் செய்தியைப் படித்த அன்று நம் தெருக்களை நினைத்துப் பார்த்தேன். ஆட்டம் முடிந்ததும் பல ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வாலாஜா சாலை, பெல்ஸ் சாலை வழியாக வெளியே வருகிறார்கள். அந்த நேரத்தில் நடைபாதையில் எண்ணெய்ச் சட்டியும் கேஸ் சிலிண்டரும் வைத்துக்கொண்டு நிற்பது எவ்வளவு பெரிய ஆபத்து! நூறு தட்டு குறைவாக விற்றாலும் பரவாயில்லை, அடுப்பை உள்ளே வையுங்கள். கடை முன்னால் நாலடி இடம் சுத்தமாக விடுங்கள். கூட்டம் மிகுந்து யாராவது மூச்சுத் திணறினால் ஷட்டரை இறக்காமல் உள்ளே உட்கார வையுங்கள்.

இதழைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் மளிகைக் கடைக்காரர்கள். அவர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். ஓட்டல்காரரைவிட அவர்களுக்கு வாய்ப்பு அதிகம் என்பேன். மைதானத்தில் இருக்கும் கூட்டத்தைவிட வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் பல மடங்கு. மேட்ச் அன்று சாயங்காலம் அப்பளம், வடகம், வறுகடலை, மிக்சர், பஜ்ஜி மாவு, குளிர்பானம் எல்லாம் சற்று அதிகமாகப் போவதைக் கல்லாவில் உட்கார்ந்தவர் கவனித்திருப்பார். இவற்றை உள் அலமாரியிலிருந்து எடுத்து வாசல் பக்கம் வையுங்கள். முதல் பாதி முடிந்து ஒன்பதேகால் வாக்கில் இடைவேளை வரும். ஒன்பதுக்குக் கடை மூடுகிறவர் அன்று ஒன்பதரை வரை திறந்திருந்தால் போதும். இவை இன்று விற்காவிட்டால் நாளை விற்கும் சரக்கு. ஆட்டம் புனேக்குப் போனாலும் தில்லிக்குப் போனாலும் டி.வி. நம் ஊரில்தான் இருக்கிறது.

வெளியூர் அன்பர்களும் ஒதுங்க வேண்டியதில்லை. 2016-இல் தொடங்கிய டி.என்.பி.எல். ஆட்டங்கள் நத்தம், திருநெல்வேலி, சேலம், கோவை என்று நடந்துவருகின்றன. நகரத்துக்கு வெளியே உள்ள மைதானங்களில் பக்கத்தில் ஓட்டல்கள் குறைவு. ஊர்க் கடைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து, ஒருவர் சாப்பாடு, ஒருவர் டீ, ஒருவர் தண்ணீர் என்று பங்கிட்டுக்கொண்டால் ஒருவருக்கொருவர் போட்டியில்லை, நட்டமும் பங்காகும்.

கடைசியாக, என் போன்ற மொத்த வியாபாரிகளுக்கு. சில்லறைக்காரரின் ஆசையைத் தூண்டிச் சரக்கை ஏற்றிவிடுவது வியாபாரம் அல்ல. அவர் கடை இருந்தால்தான் நம் கடை. 2023-இல் ஆட்டங்கள் திரும்பியபோது நான் ஒரு வழக்கம் தொடங்கினேன். மேட்ச் சரக்கை ஒரு ஆட்டத்துக்கு மட்டும்தான் கடன் கொடுப்பேன். அந்தப் பணம் வந்தபிறகு அடுத்த ஆட்டத்துக்குச் சரக்கு. பிரிக்காத மூட்டை, உடைக்காத டின் எதுவானாலும் பதினைந்து நாளுக்குள் அதே விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பில்லிலேயே அப்படி எழுதிக் கொடுக்கிறேன். இந்த மூன்று சீசனில் திரும்பி வந்தது மொத்தம் ஐந்தே மூட்டை. அதில் எனக்கு ஒரு ரூபாயும் நட்டமில்லை. திருப்பிக் கொடுக்கலாம் என்ற தைரியம் இருந்தால் கடைக்காரர் அளவாகவே வாங்குகிறார். திருவல்லிக்கேணியில் டிபன் கடை நடத்தும் ஒரு சகோதரி, 2025-இல் கடைசி ஆட்டம் தில்லிக்குப் போனதும் இரண்டு மூட்டை இட்லி அரிசியைத் திருப்பி அனுப்பினார். மறு வாரம் வழக்கமான சரக்குக்கு அவரே வந்தார். கடையும் நடக்கிறது, கணக்கும் நடக்கிறது.

ஆகவே இளைய நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். மேட்ச் நாளை விடாதீர்கள். ஆனால் அன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதோடு நிறுத்தாமல், மறுநாள் காலை கல்லாவில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். கையில் நின்றது எவ்வளவு? மீந்தது எவ்வளவு? வழக்கமாக வருகிறவர்கள் வந்தார்களா? மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் அடுத்த ஆட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் துணியலாம்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். மேட்ச் சீசனில் பிரிக்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வது என்று மொத்த வியாபாரிகள் அனைவரும் ஒப்புக்கொண்டு, அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். அந்தத் தீர்மானத்துக்கு நானே முதலில் கை தட்டுவேன். எங்கள் கடைச் சுவரிலிருந்த பழைய போர்டை 2023-லேயே கழற்றிவிட்டேன். அந்த ஆணி மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. பிடுங்க மனமில்லை, பார்க்கும்போதெல்லாம் அந்த நண்பரின் நினைவு வருகிறது.